டம்ளரை மாற்றினால் பால் கூடுமா? டெட் பாடமும் என் மகளும்

பூங்கோதை (தேனி) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தாள் 1-க்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். 150 கேள்விகளில் 30 கேள்விகள் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் பகுதியிலிருந்து வரும் என்பதால், அடுப்படி வேலை முடிந்ததும் ராத்திரி ஒன்பதரைக்கு மேல், குழந்தைகள் யோசிக்கிற விதத்தை ஆராய்ந்த பியாஜேவோடுதான் குடித்தனம். அவர் பிரித்த நான்கு நிலைகள், வயது வரம்பு எல்லாம் மனப்பாடம். சிக்கல் பாடத்தில் இல்லை, வீட்டில்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்குப் பன்னிரண்டு முடியப் போகிறது. சின்னவளுக்கு ஐந்தரை, ஒன்றாம் வகுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை, புத்தகத்தில் இருக்கும் சோதனையை இவளிடம் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி டம்ளரில் பால் ஊற்றினேன். "ரெண்டும் ஒண்ணா?" என்றேன். குனிந்து, கண்ணை டம்ளர் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்து, ஒன்றில் கொஞ்சம் குறைகிறது என்று என்னை இன்னும் ஒரு சொட்டு ஊற்ற வைத்து, அப்புறம்தான் "ம், ஒண்ணு" என்றாள். அவ்வளவு கணக்கானவள்.

அவள் கண்ணெதிரிலேயே ஒரு டம்ளர் பாலை ஒல்லியான உயரக் கிளாஸில் மாற்றினேன் (விருந்தாளி வந்தால் மட்டும் ஷோகேஸிலிருந்து இறங்குமே, அது). "இதுலதான் நிறைய" என்றாள். ஏன்டி? "உசரமா இருக்குல்ல." திரும்பப் பழைய டம்ளரில் ஊற்றினேன். "இப்ப ஒண்ணு." மறுபடி உயரக் கிளாஸ். "இப்ப இதுலதான் நிறைய." இப்படி ஐந்து தடவை. அவளுக்கு அலுக்கவே இல்லை. பால் ஆறி ஆடை படிந்ததுதான் மிச்சம்.

அண்ணன்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். மாமியார், "இதுகூடவா தெரியல பிள்ளைக்கு?" என்று என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்திலும் போன மாதம் பெற்றோர் கூட்டத்தில், கணக்கில் கான்செப்ட் பிடிபடவில்லை, வீட்டில் பயிற்சி கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அதிலிருந்தே எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

இவள் பின்தங்கியிருக்கிறாளா? உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால் வந்துவிடுமா? மூத்தவன் வேறு இப்போது எதற்கெடுத்தாலும் வாதம். "ஒரு நாளைக்கு 25 மணி நேரம் இருந்தா ஸ்கூல் எத்தனை மணிக்கு விடும்?" என்று சாப்பிடும்போது கேட்கிறான். "இல்லாததைப் பத்திப் பேசாம சாப்பிடு" என்றால் கோபம் வருகிறது. இதுவும் ஒரு நிலையா, இல்லை வெறும் வாய்க்கொழுப்பா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டெட் சேகர்:

சகோதரி, தேர்வுக்கு இவ்வளவு போதும். பிறந்ததிலிருந்து 2 வயது வரை புலன் இயக்க நிலை. 2 முதல் 7 வரை செயலுக்கு முந்தைய நிலை. 7 முதல் 11 வரை பருப்பொருள் செயல்நிலை. அதற்கு மேல் முறையான செயல்நிலை. தமிழ்ப் பெயர்கள் கைடுக்குக் கைடு மாறும், அதனால் வயதைப் பிடித்துக்கொள்ளுங்கள், பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். உங்கள் பாப்பா இரண்டாம் நிலை. அவள் சொன்னது பாடப்புத்தகப் பதில். பாப்பா பாஸ், அம்மாதான் டென்ஷன்.

சரசு டீச்சர்:

பூங்கோதை, முதலில் புளி கரைப்பதை நிறுத்துங்கள். உங்கள் மகள் சொன்னது, ஜெனீவாவில் அதே வயதுக் குழந்தைகள் பியாஜேவிடம் சொன்ன பதில். "உசரமா இருக்குல்ல" என்று சொன்னாள் பாருங்கள், எனக்கு அங்கேதான் மனசு நின்றது. வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, காரணம் வைத்திருக்கிறாள். உயரம் கண்ணில் படுகிறது, கிளாஸ் ஒல்லியானது படவில்லை. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க அவள் கைக்கு இன்னும் அகலம் போதவில்லை. மனசுக்குள்ளேயே பாலைத் திருப்பி ஊற்றிப் பார்க்கவும் இன்னும் வரவில்லை. நீங்கள் நிஜமாகவே திருப்பி ஊற்றிக் காட்டினீர்கள், அப்போதைக்கு "ஒண்ணு" என்றாள். மாற்றியதும் பழையபடி ஆகிவிட்டது.

நான் 33 வருஷம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்புமாகவே ஓட்டியவள். ஆசிரியர் பயிற்சியில் நானும் பியாஜேவை மனப்பாடம் பண்ணித்தான் பாஸானேன். புரிந்தது பத்து வருஷம் கழித்து, ஒரு பையனால்.

ஒன்றாம் வகுப்பு. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். இந்தப் பையன் எழுந்து அப்பா, அம்மா, ஆயா, அண்ணன், ஆடு ரெண்டு என்றான். "உனக்கு அண்ணன் இருக்கானா?" என்றேன். "இருக்கான் டீச்சர், நாலாப்பு." "சரி, உங்க அண்ணனுக்குத் தம்பி இருக்கானா?" நன்றாக யோசித்தான். "இல்ல டீச்சர்." "அப்ப நீ யாரு?" "நான் நான்தான்."

வகுப்பே சிரித்தது. கேலி பண்ணுகிறான் என்று அவன் காதுக்குக் கை போய்விட்டது (அந்தக் காலம் அப்படி, இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது). அவன் முகத்தில் கேலி இல்லை. ராத்திரி படுத்தபோதுதான் மண்டையில் உறைத்தது. பயிற்சியில் 'தன்மைய நோக்கு' (எதையும் தன் இடத்திலிருந்தே பார்ப்பது) என்று எழுதி மார்க் வாங்கினேனே, அது இதுதானே? அண்ணன் தம்பி பற்றி இதே மாதிரிக் கேள்விகளை 1920-களிலேயே பியாஜே குழந்தைகளிடம் கேட்டிருக்கிறார். அவர் கேட்டது பிரெஞ்சு மொழியில். அங்கே மூத்தவனுக்கும் இளையவனுக்கும் ஒரே சொல், குழந்தை தடுமாறுவதில் ஆச்சரியமில்லை. நம் மொழியில் அண்ணன் என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு தம்பியோ தங்கையோ உட்கார்ந்திருக்கிறார்கள். இருந்தும் அந்தப் பையனால் அண்ணன் நிற்கும் இடத்தில் போய் நின்று தன்னைப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் வகுப்பு வந்தபோது அவனிடமே மறுபடி கேட்டேன். "என்ன டீச்சர், நான்தான் இருக்கேன்ல" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தான். நடுவில் யாரும் அவனுக்கு இதைப் பாடம் நடத்தவில்லை.

பியாஜே குழந்தைகளைப் பற்றிப் படித்துவிட்டு வந்தவர் இல்லை. நத்தைக்காரர். 1896-ல் சுவிட்சர்லாந்தில் நியூஷாட்டெல் ஊரில் பிறந்தார், பள்ளிக்கூடப் பையனாக இருக்கும்போதே 1907-ல் ஒரு வெள்ளைச் சிட்டுக்குருவியைப் பற்றிச் சின்னக் குறிப்பு எழுதி அச்சில் வந்தது, 1918-ல் டாக்டர் பட்டம் வாங்கியது நத்தை, சிப்பி வகை உயிர்களைப் பற்றி. அப்புறம் பாரிஸ் போனார். அங்கே குழந்தைகளுக்கு அறிவுச் சோதனைக் கேள்விகள் கொடுத்து, எந்த வயதில் எத்தனை சரியாக வருகிறது என்று கணக்கெடுக்கும் வேலை. இவருக்குத் தப்பான பதில்கள்மேல் கண் போனது. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரித் தப்புச் செய்கிறார்கள். பெரிய பிள்ளைகளிடம் அந்தத் தப்பு இல்லை, வேறு தப்பு இருக்கிறது. அப்படியானால் சின்னப் பிள்ளைக்கு அறிவு குறைச்சல் என்று சொல்லிவிட முடியாது, அது யோசிக்கிற விதமே வேறு என்று பிடித்துக்கொண்டார். விடைத்தாள் திருத்தும் நாங்கள் தப்புக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவோம். அந்த மனுஷன் கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறார்.

1921-ல் ஜெனீவா வந்தார். 1925-க்கும் 1931-க்கும் நடுவில் மூன்று குழந்தைகள்: ஜாக்குலின், லூசியென், லோரான். இவர்களைத் தொட்டில் காலத்திலிருந்தே பார்த்துப் பார்த்து எழுதி வைத்தார். ஜாக்குலின் ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது ஒரு பொம்மை வாத்தைப் பிடிக்கப் போகிறாள். வாத்து சறுக்கிப் படுக்கைத் துணியின் மடிப்புக்குப் பின்னால், கைக்கு எட்டும் தூரத்தில்தான் விழுகிறது. மறைந்ததும் விட்டுவிட்டாள். தேடவே இல்லை.

இதை நான் என் பேரனிடம் பார்த்தேன். அவனுக்கு எங்கள் வீட்டுச் சாவிக்கொத்து என்றால் உயிர். ஏழு மாதத்தில், அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாவிமேல் ஈரிழைத் துண்டைப் போட்டேன். சாவி உலகத்திலேயே இல்லாமல் போய்விட்ட மாதிரி என் மூக்குக்கண்ணாடிக்குத் தாவினான். ஒன்பது மாதத்தில் துண்டை இழுத்துப் போட்டு எடுத்தான். சரி, பையன் தேறிவிட்டான் என்று இரண்டு துண்டு வைத்தேன். இடது துண்டுக்கடியில் மூன்று தடவை மறைத்தேன், மூன்று தடவையும் எடுத்தான். நாலாவது தடவை, நன்றாகக் காட்டிக் காட்டி வலது துண்டுக்கடியில் வைத்தேன். நேராக இடது துண்டுக்குப் போய்த் தேடுகிறான்! சாவி எங்கே என்பதைவிட, தான் எங்கே எடுத்தோம் என்பதுதான் அவனுக்குச் சாவியின் இடம். இந்தத் தப்பும் பியாஜே எழுதி வைத்ததுதான். ஒரு வயதை ஒட்டிப் போய்விடுகிறது.

லூசியென் கதை ஒன்று உண்டு, டெட்டில் வருமோ வராதோ, சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவளுக்கு ஒரு வயது நாலு மாதம். அப்பா தீப்பெட்டிக்குள் ஒரு சங்கிலியைப் போட்டு, விரல் நுழையாத அளவுக்கு இடுக்கு விட்டு மூடிக் கொடுக்கிறார். விரலை விட்டுப் பார்க்கிறாள், வரவில்லை. கொஞ்ச நேரம் அந்த இடுக்கையே பார்க்கிறாள். பிறகு தன் வாயைத் திறக்கிறாள், மூடுகிறாள், இன்னும் அகலமாகத் திறக்கிறாள். அப்புறம் விரலை இடுக்கில் விட்டுப் பெட்டியை இழுத்துத் திறந்து சங்கிலியை எடுத்துவிட்டாள். பேச்சு வராத வயதில் வாயாலேயே யோசித்திருக்கிறது அந்தப் பிள்ளை. முதல் நிலை முடியும் இடம் இதுதான்: கையால் செய்து பார்த்தது போக, உள்ளுக்குள் செய்து பார்ப்பது தொடங்கிவிட்டது.

உங்கள் சின்னவள் இருக்கும் வயதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் விடியும். ஒரு தோசையை நாலாகப் பிய்த்துப் போட்டால் நாலு தோசை என்று சமாதானமாகிற வயது. கண்ணாமூச்சியில் தன் கண்ணைப் பொத்திக்கொண்டு "என்னைக் கண்டுபிடி" என்கிற வயது. பஸ்ஸில் போனால் நிலா கூடவே வருகிறது, நம்மைப் பிடித்திருப்பதால் வருகிறது. ஒன்று மட்டும் செய்து பாருங்கள். எட்டுக் கனகாம்பரம், மூன்று மல்லிகை எடுத்து வைத்து, "கனகாம்பரம் அதிகமா, பூ அதிகமா?" என்று கேளுங்கள். கனகாம்பரம் என்பாள். "மல்லிகையும் பூதானே?" என்றால் ஆமாம் என்பாள். மறுபடி கேட்டால் கனகாம்பரம்தான். பூ என்ற பெரிய கூடையையும் அதற்குள் இருக்கும் சின்னக் கூடையையும் ஒரே நேரத்தில் மனதில் தூக்க முடியாது. பியாஜே மரமணிகளை வைத்துக் கேட்டார், எனக்கு வாசலில் பூத்ததை வைத்துக் கேட்கத்தான் வாய்த்தது.

ஏழு, எட்டு வயதில் இதெல்லாம் ஒவ்வொன்றாக நேராகும். ஆனால் பொருள் கண்ணுக்கு முன்னால், அல்லது கண்ணால் பார்த்த ஞாபகத்தில் இருக்க வேண்டும். நாலாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த வருஷம், "மூணுல ஒண்ணு பெரிசா, நாலுல ஒண்ணு பெரிசா?" என்றால் பாதி வகுப்பு நாலில் ஒன்று என்றது. மூன்றைவிட நாலு பெரிசில்லையா! ஒரே அளவுக் கடலைமிட்டாய் இரண்டு வாங்கி வந்து, ஒன்றை மூன்று பேருக்கும் ஒன்றை நாலு பேருக்கும் உடைத்துக் கொடுத்தேன். அந்த நாலு பேரும் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் தப்பாகச் சொல்லவில்லை. 2007-08 வாக்கில் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது, பாயில் உட்கார்ந்து மணியும் அட்டையுமாக ஒவ்வொரு பிள்ளையும் தன் ஏணிப்படியில் ஏறியதில் எனக்குப் பிடித்தது இதுதான். அட்டை அடுக்கியே எங்கள் முதுகு போனது தனிக்கதை.

மூத்தவன் விஷயம். வாய்க்கொழுப்பு கொஞ்சம் இருக்கும், அதை நான் எதற்கு மறுக்கிறேன்? ஆனால் '25 மணி நேரம் இருந்தால்' என்பது நாலாவது நிலையின் வாசற்படி. எட்டு வயதுப் பிள்ளையிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் "24 தானே இருக்கு" என்று முடித்துவிடும். இல்லாததை இருப்பதாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து என்ன வரும் என்று இழுத்துக்கொண்டு போக இவனுக்கு முடிகிறது. சாப்பாடு ஆறினாலும் ஒரு தடவை பதில் சொல்லிப் பாருங்கள்.

பியாஜேவும் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்த இன்ஹெல்டர் அம்மாவும் இந்த வயதுக்கு ஊசல் சோதனை வைத்திருந்தார்கள். கயிறு, கனம், எவ்வளவு உயரத்திலிருந்து விடுகிறோம், எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறோம். இதில் எது ஊசல் ஒரு தடவை போய்வர ஆகும் நேரத்தை மாற்றுகிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். சின்னவர்கள் கயிற்றையும் நீட்டி, கல்லையும் மாற்றி, "கனம்தான் காரணம்" என்பார்கள். பெரியவர்கள் மற்றதை அசையாமல் வைத்துவிட்டு ஒன்றை மட்டும் மாற்றுவார்கள். எல்லோரும் 11 வயதில் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. 1972-ல் பியாஜேவே, இது 15 முதல் 20 வயதுக்குள்கூட வரலாம், அதுவும் அவரவர் கைப்பழக்கமுள்ள துறையில் முதலில் தெரியலாம் என்று திருத்திக்கொண்டார். எங்கள் ஊர் தச்சாசாரிக்குப் பள்ளிக்கணக்கு வராது. கதவு சரியாக மூடாமல் இழுத்துக்கொண்டால், கீலா, நிலையா, மரம் ஈரம் குடித்ததா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக் கண்டுபிடிக்கும்போது பார்க்க வேண்டும்.

சொல்லிக்கொடுத்தால் சீக்கிரம் வருமா என்றீர்கள். பியாஜே அமெரிக்கா போனபோதெல்லாம் இதே கேள்வியைக் கேட்டார்களாம், அவர் அதற்கு 'அமெரிக்கக் கேள்வி' என்றே பெயர் வைத்துவிட்டார். இப்போது தேனியிலும் கேட்கிறார்கள்! "ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லு" என்று பழக்கினால் நாளைக்கே சொல்லிவிடுவாள். களிமண்ணை உருட்டி நீட்டிக் கேளுங்கள், பழையபடி "நீளமானதுல நிறைய" என்பாள். அவளை ஊற்றி விளையாட விடுங்கள், அவ்வளவுதான். ஏற்கெனவே வந்த பேச்சோ பழக்கமோ பின்னோக்கிப் போனால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பால் டம்ளருக்காகப் போக வேண்டாம்.

கதிர் (கோவை):

டீச்சர், படிக்கப் படிக்க நன்றாக இருந்தது. நான் உளவியல் முதுகலை மாணவன், கொஞ்சம் எதிர்க்கட்சி பேசிக்கொள்கிறேன். பியாஜே குழந்தைகளைக் குறைத்து எடை போட்டுவிட்டார் என்று பின்னால் வந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். துண்டுக்கடியில் தேடாததால் சாவி இல்லை என்று குழந்தை நினைக்கிறது என்பதில்லை, துண்டை இழுக்கும் வேலையே அதற்குப் பெரிசாக இருக்கலாம். 1985-ல் பெய்யார்ஜான், ஸ்பெல்கி, வாசர்மன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஐந்து மாதக் குழந்தைகளின் கையை விட்டுவிட்டுக் கண்ணைக் கவனித்தார்கள். மறைந்திருக்கும் பெட்டியை ஊடுருவிக்கொண்டு பலகை சாய்கிற மாதிரி ஒரு தந்திரக் காட்சி. நடக்க முடியாத அந்தக் காட்சியைக் குழந்தைகள் அதிக நேரம் பார்த்தன. பெட்டி அங்கே இருக்கிறது என்று ஏதோ ஒரு விதத்தில் தெரிந்திருக்கிறது.

பால் விஷயத்தில் இன்னொன்று. அக்கா, நீங்கள் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டீர்கள். நடுவில் நீங்களே ஏதோ மாற்றினீர்கள். அம்மா வேலைமெனக்கெட்டு மாற்றிவிட்டுத் திரும்பக் கேட்டால், பதிலும் மாற வேண்டும் போல என்று குழந்தை நினைக்காதா? 1974-ல் மெக்காரிகிளும் டொனால்ட்சனும் இதைத்தான் சோதித்தார்கள். இரண்டு வரிசைக் காய்களில் ஒன்றை ஆய்வாளர் கலைத்தால், நாலிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளில் ஆறில் ஒரு பங்குதான் சரியாகச் சொன்னது. ஒரு குறும்புக் கரடி பொம்மை ஓடிவந்து கலைத்துவிட்டதாக நடித்தபோது அறுபது சதவீதத்துக்கு மேல் சரி. செனகல் நாட்டில் உவோலோஃப் இனக் குழந்தைகளிடம் தண்ணீர் ஊற்றிக் கேட்ட கிரீன்ஃபீல்டும், பிள்ளைகளையே ஊற்றச் சொன்னபோது சரியான பதில் கூடியது என்று 1966-ல் எழுதியிருக்கிறார். ஆய்வாளர் ஊற்றினால் அவர் ஏதோ மாயம் செய்கிறார் என்று எடுத்துக்கொண்டார்களாம். ஆக, அக்கா, ஒரு பொம்மையை வைத்து மறுபடி செய்து பாருங்களேன்.

சரசு டீச்சர்:

கதிர் தம்பி, இதில் எதிர்க்கட்சி எங்கே இருக்கிறது? இரண்டு தடவைக் கேள்வி விஷயம் நூற்றுக்கு நூறு. வகுப்பில் ஒரு பிள்ளை பதில் சொன்னதும் நான் "என்ன?" என்று திரும்பக் கேட்டால், சரியான பதிலைக்கூட மாற்றிவிடும். திரும்பக் கேட்டால் தப்பு என்று அர்த்தம், அதை நாங்கள்தானே பழக்கி வைத்திருக்கிறோம். கரடி விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு நெருடல். கரடி இருந்தால் தெரிகிறது, கரடி இல்லாவிட்டால் தெரியவில்லை என்றால், அந்தத் தெரிதல் இன்னும் கெட்டிப்படவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். கூடவே இருந்து கொஞ்சம் தாங்கிப் பிடித்தால் நிற்கும். பியாஜே பிறந்த அதே 1896-ல் பிறந்து 37 வயதில் காசநோயில் போய்விட்டாரே ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி, அவர் சொன்னது இந்த இடத்தைத்தான். பூங்கோதை, அவரையும் படித்துவிடுங்கள், அந்தப் பாடத்தில் பியாஜேவை விட்டால் அடுத்தது அவர்தான்.

பூங்கோதை (தேனி):

செய்து பார்த்துவிட்டேன். கரடி கிடைக்கவில்லை, ஒரு காது பிய்ந்த பூனை பொம்மை இருந்தது. புளியங்கொட்டையை ஆறு ஆறாக இரண்டு வரிசை வைத்தோம். எதிரெதிரே தொட்டு எண்ணி "ஒண்ணுதான்" என்றாள். மூத்தவன் பூனையைப் பிடித்துக்கொண்டு வந்து "மியாவ்" என்று ஒரு வரிசையைக் கலைத்து நீளமாக்கிவிட்டான். அவள் பூனையை ஒரு அடி அடித்துவிட்டு, "ஒண்ணுதாம்மா, இது சும்மா தள்ளி விட்டுச்சு" என்றாள். சத்தியமாக நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்புறம் பால். இந்தத் தடவை அவளையே ஊற்றச் சொன்னேன். மேஜையெல்லாம் பால். ஊற்றி முடித்து உயரக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல நிறைய… இல்ல, ஒண்ணு… ஆனா உசரமா இருக்கே…" கடைசியில் "தெரியல, நான் குடிச்சிரட்டா?" என்று குடித்துவிட்டாள்.

கூத்து என்னவென்றால், சாயங்காலம் மாமியாருக்கு வழக்கமான டம்ளர் கழுவாமல் கிடந்ததால் ஒரு அகலக் கோப்பையில் காபி கொடுத்தேன். "என்ன இன்னிக்கு இவ்வளவு கொஞ்சமா?" என்றார். மூத்தவன் என்னைப் பார்த்தான், நான் சுவரைப் பார்த்தேன்.

டீச்சர், இவள் புளியங்கொட்டையில் சரியாகச் சொல்லிவிட்டுப் பாலில் தடுமாறுகிறாளே, அது எப்படி? இன்னொன்று, நீங்கள் எழுதிய ஊசலை மூத்தவன் படித்துவிட்டு, துணிக்கொடியில் கயிறு கட்டிக் கல் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறான்.

சரசு டீச்சர்:

"தெரியல" என்றாளா? போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, இந்த வாரம் தெரியவில்லை. உயரம் ஒரு பக்கம் இழுக்கிறது, தானே ஊற்றினோமே என்பது இன்னொரு பக்கம் இழுக்கிறது. நல்ல இழுபறி, குறுக்கே போகாதீர்கள்.

புளியங்கொட்டை முன்னால் வருவதும் பால் பின்னால் வருவதும் வழக்கம்தான். எண்ணிக்கை முதலில், அதை ஒட்டிப் பாலும் களிமண்ணும், எடை ஒன்பது பத்து வயதில், மூழ்கிய பொருள் தள்ளும் தண்ணீரின் அளவு அதற்கும் பின்னால். ஒரே நிலை என்று பெட்டியில் அடைத்தாலும் உள்ளே எல்லாம் ஒரே நாளில் பழுப்பதில்லை, இதைப் பியாஜேவே பார்த்து எழுதியிருக்கிறார். பரீட்சையில் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்காமல் சேகர் தம்பி சொன்ன வயதைப் போட்டுவிட்டு வாருங்கள்.

பெரியவனுக்குக் கல் இரண்டு மூன்று அளவில் எடுத்துக் கொடுங்கள், கொடி மட்டும் உறுதியா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிடுங்கள். பத்து ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று போனில் பார்த்து அவனே ஒரு நோட்டில் எழுதட்டும். கல்லை மாற்றும்போது கயிற்றின் நீளத்தை அப்படியே வைக்கிறானா, அல்லது அதையும் சேர்த்து மாற்றிவிடுகிறானா என்று மட்டும் சமையலறை ஜன்னலிலிருந்து பாருங்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள், அவன் கேட்டாலும்.